இருவர் நுழைந்து ஒருவர் வெளியேறும் முறை

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு, மழை சற்றே விட்டிருந்த நேரத்தில், ஏரிக்கரையின் மேற்குச் சரிவில் நின்றபடி, இன்று பெட்டிக்குள் நான் அமர்கிறேன், நீங்கள் வெளியே போங்கள் என்று என் கணவரிடம் தெரிவித்தேன். அவர் தோளில் முக்காலி இருந்தது. கழுத்தில் கேமரா தொங்கியது. இரண்டையும் இறக்கி வைக்காமலே என்னைப் பார்த்தார்.

"வெளிய எங்க போறது?"

"நான் எப்பவும் எங்க போறேனோ அங்க."

அது எந்த இடம் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகளாக நான் அங்கே போய் வருகிறேன். அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

பெட்டி என்று நான் குறிப்பிடுவது, கோரைப்புல்லுக்கு நடுவே நான்கு கம்பு நட்டுக் கித்தான் சுற்றிய மறைவிடத்தை. பறவைகளைப் படமெடுப்பவர்கள் இதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பெட்டிதான். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தைந்து ஆண்டுகள் உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் நின்றவர், ஓய்வு கிடைத்த மறுமாதமே இன்னோர் இருட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதற்குள் போய் அமர்ந்தார். கித்தானைத் தைத்துக் கொடுத்தவள் என் நாத்தனார். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் தையல் கடை நடத்துகிறாள். முன்பக்கத்தில் லென்ஸ் நுழைய ஒரு துளை வைத்து, அதற்குக் காலர் போல ஒரு மடிப்பும் தைத்திருந்தாள். கூலியும் வாங்கிக்கொண்டாள்.

பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. இரண்டாவது ஸ்டூலுக்கு இடமில்லை. ஆயினும் நாங்கள் எப்போதும் இருவராகவே உள்ளே நுழைந்தோம். பறவைக்கு எண்ணத் தெரியாது என்பது படமெடுப்பவர்களிடையே நிலவும் நம்பிக்கை. ஒருவர் மட்டும் நுழைந்தால், உள்ளே ஆள் இருக்கிறது என்று பறவை அஞ்சி அண்டாது. இருவர் நுழைந்து ஒருவர் வெளியேறினால், வந்த ஆள் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். ஆகையால் ஒருவர் கண்ணில் படும்படி வெளியே வந்து, கரைமேல் நடந்து, தொலைவுக்குப் போய்விட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால், விட்டு வந்தது ஏதோ இருக்கிறது என்று பறவைக்குப் புரிந்துவிடும். இந்த விதிகளை எனக்குச் சொன்னவர் என் கணவர். வெளியேறும் ஒருவர் நான்.

நான் மஞ்சள் நிற மழைக்கோட்டு அணிந்து, வெள்ளை ஒட்டுப்போட்ட கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, கரைமேல் நடந்து வளைவைத் தாண்டிப் பம்ப்செட் அறையின் வாசற்படியில் அமர்வேன். ஒன்பது மணிக்கு நான் பெட்டிக்குத் திரும்பியதும் அவர், "இன்னிக்கு வந்துச்சு" என்பார். அல்லது "இன்னிக்கு அருமையா வந்துச்சு" என்பார்.

வந்தது செங்குருகு. செங்கல் நிறத்தில், கோழியைவிடச் சிறிய, நீண்ட கழுத்துள்ள நீர்ப்பறவை. மிகவும் கூச்சம் உள்ளது. ஆபத்து என்று பட்டால் அலகை வானத்துக்கு நேரே உயர்த்தி, கோரையோடு கோரையாக நின்றுவிடும். இதை எல்லாம் நான் அவருடைய படங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். திருமணத்துக்கு முன் அவரையும் படத்தில்தான் பார்த்தேன். நேரில் பார்ப்பது வேறு என்பதை அந்த அனுபவத்தில் அறிந்தவள் நான்.

அந்தக் காலையில் நான் அப்படிக் கூறியதற்குக் காரணம் என் வலது முழங்கால். அக்டோபர் 14 அன்று அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதன்பின் படியும் கைப்பிடியும் இல்லாத சேற்றுச் சரிவில் இறங்கவே கூடாது என்று மருத்துவர் உறுதியாகக் கூறிவிட்டார். அதாவது, அன்றையதையும் சேர்த்து எஞ்சியிருந்தவை ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றிலும் நடந்து போய்விட்டால், அந்தப் பறவைக்காக ஒன்பது ஆண்டுகள் நடந்து அதை ஒருமுறைகூடப் பாராதவளாகவே நான் இருந்துவிடுவேன்.

அவருக்கும் காரணம் இருந்தது. நகரத்து இயற்கைப் பட மன்றம் ஆண்டுதோறும் ஒரு நாட்காட்டி வெளியிடுகிறது. அந்த ஆண்டின் விதி: ஒரே இடம், ஒரே பறவை, நான்கு பருவம், ஒரே கை. மனிதர் எவரும் படத்தில் தெரியக் கூடாது. அவரிடம் மூன்று படங்கள் ஆயத்தமாக இருந்தன. பனிக்காலத்தில், ஏரியே மறைந்துவிட்ட வெண்மைக்குள் குருகின் கழுத்து மட்டும். கோடையில், வெடித்துக் கிடந்த சேற்றின் நடுவே எஞ்சியிருந்த ஒரு பாய் அளவு நீரின் ஓரம். காற்றுக்காலத்தில், கோரை முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, குருகும் அதே பக்கம் சாய்ந்தபடி. மழைக்காலப் படம் ஒன்றுதான் பாக்கி. மன்றத்தின் தேர்வுக் கூட்டம் 29ஆம் நாள். ஐந்து ஆண்டுகள் அனுப்பி ஐந்து ஆண்டும் திரும்பி வந்தவர் அவர்.

"அடுத்த வாரம் நீ உக்காரு. இன்னிக்கு வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார்.

"அடுத்த வாரமும் வெளிச்சம் நல்லாத்தான் இருக்கும். அப்ப நீங்க எடுங்க."

"உனக்குக் கேமரா தெரியாதே."

"நான் பாக்கத்தான் கேட்டேன். எடுக்கக் கேக்கல."

அவர் கேமராவைப் பெட்டிக்குள் பொருத்தினார். லென்ஸின் பார்வையைக் கோரையின் ஓரத்தில் நிலைநிறுத்தி, பொத்தானுள்ள ஒரு நீண்ட வயரை என் கையில் கொடுத்து, வந்தால் அமுக்கு என்று கூறிவிட்டு வெளியேறினார். கரைமேல் ஏறி, கைகளை வீசிக்கொண்டு, லிஃப்ட் பழுதான கட்டடத்துக்கு அவசரமாகப் போகிறவர் போல நடந்து மறைந்தார்.

ஒன்பது மணிவரை நான் அசையாமல் அமர்ந்திருந்தேன். மழை வந்தது, நின்றது. ஒரு தவளை என் செருப்பின்மேல் ஏறி, அமர்ந்து, யோசித்து, இறங்கியது. செங்குருகு வரவில்லை.

"நீ அசைஞ்சிருப்பே" என்றார் அவர், திரும்பி வந்ததும்.

"நான் அசையல."

"மூச்சு சத்தமா விட்டிருப்பே."

அவர் உறங்கும்போது எழும் ஒலி கீழ்த்தளத்தில் தையல் இயந்திரத்தைவிட உரக்கக் கேட்பதாக நாத்தனார் பலமுறை புகார் அளித்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு, ஒப்புக்கொண்டபடி, அவர் அமர்ந்தார். ஆனால் முழங்கால் வீங்கியிருந்ததால் நான் வீட்டில் இருக்க நேர்ந்தது. வெளியேறும் பணிக்கு நாத்தனார் அழைத்துச் செல்லப்பட்டாள். சிவப்புப் பூப்போட்ட குடை, புதுச் செருப்பு. பெட்டிக்குள் இருவரும் நுழைந்தபோது அவள் முழங்கை பட்டு லென்ஸ் மூடி சேற்றில் விழுந்ததாகவும், அதை எடுக்கக் குனிந்தபோது அண்ணனும் தங்கையும் மண்டையில் மோதிக்கொண்டதாகவும் பிற்பாடு அறிந்தேன். அவள் வெளியே வந்து, விதிப்படி திரும்பிப் பாராமல் போய்விட்டாள். ஒன்பது மணிவரை குருகு வரவில்லை.

அன்று மதியம் தையல் கடையில் மூவரும் அமர்ந்திருந்தோம். என் கணவர் நெற்றியில் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"அது இடம் மாறிப் போயிடுச்சு" என்றார். "அவ்வளவுதான். இந்த வருஷமும் போச்சு."

"போகல அண்ணே" என்றாள் நாத்தனார், பாவாடை விளிம்பை மடித்துத் தைத்தபடியே. "நான் கரை ஏறும்போது கோரைக்குள்ள மூக்கைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. என்னையே பாத்துச்சு. 'நீ யாருடி'ன்னு கேக்கற மாதிரி."

நான் நகரத்து மருத்துவமனையின் மருந்துக் கிடங்கைப் பொறுப்பேற்று நடத்தியவள். ஒரு பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, ஆனால் வரவில்லை என்றால், எது மாறியது என்று பார்ப்பதே முறை. முதல் ஞாயிறு பெட்டிக்குள் இருந்தது நான், வெளியேறியது அவர். இரண்டாம் ஞாயிறு உள்ளே இருந்தது அவர், வெளியேறியது நாத்தனார். உள்ளே இருப்பவர் யாராயினும் குருகுக்குக் கவலையில்லை. இரண்டு நாளும் வெளியேறாதவள் நான் ஒருத்தி.

இதை நான் தெரிவித்ததும் அவர் தைலக் குப்பியைக் கீழே வைத்தார்.

"பறவைக்கு எண்ணத் தெரியாதுன்னு மன்றத்துல எல்லாரும் சொல்றாங்களே."

"எண்ணத் தெரியாது. அடையாளம் தெரியாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அவர் யோசித்தார். யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஆக, அண்ணி கிளம்பிப் போனாத்தான் அதுக்கு நிம்மதி" என்றாள் நாத்தனார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "எனக்கும் அப்படித்தான் இருக்கும், சில நாள்."

அதைக் காதில் வாங்காமல் நான் மேலும் யோசித்தேன். நான் போனால்தான் அது வரும். அது வந்தால் நான் அங்கே இருக்க மாட்டேன். ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் ஒன்றையொன்று தவறவிட்டது தற்செயல் அன்று, ஏற்பாடே அப்படி. ஆகவே நான் போக வேண்டும், நான் இருக்கவும் வேண்டும்.

"என் கோட்டை நீங்க போட்டுக்கணும்" என்று கணவரிடம் கூறினேன்.

"அது எனக்குப் பத்தாது."

இருவரும் நாத்தனாரைப் பார்த்தோம். அவள் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள்.

"உள்ள நான் உக்காந்து, இவ உன் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போகலாமே" என்றார் அவர், கைகளை விரித்து அளவு கொடுத்தபடி. "அப்ப படமும் என் கையால எடுத்த மாதிரி இருக்கும்."

"போகலாம். ஆனா கோட்டு என்னுது. நான் தரமாட்டேன்."

நாத்தனார் வாயில் குண்டூசி வைத்திருந்ததால் சிரிக்க இயலாமல் தோளை மட்டும் குலுக்கினாள்.

கோட்டின் இரு பக்கமும் பிரித்துத் துணி வைத்துத் தைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டு நடையில் ஒத்திகை நடந்தது. அவர் சமையலறை வாசலில் தொடங்கித் தெருக்கதவுவரை நடக்க வேண்டும். நான் பின்னால் நாற்காலியில் அமர்ந்து பார்த்தேன்.

"கையை வீசாதீங்க. நான் என்னிக்காவது கையை வீசி நடந்திருக்கேனா?"

"குடை இருக்கிற கையா, இல்லாத கையா?"

"ரெண்டும்."

"அண்ணே, கொஞ்சம் கோவமா நட" என்றாள் நாத்தனார். "அண்ணி மாதிரியே இருக்கும்."

"முதுகுல எப்படிடி கோவத்தைக் காட்டறது?"

"அண்ணி காட்டுவாங்களே. நீ பாத்ததே இல்லையா?"

அவர் மறுபடியும் சமையலறை வாசலுக்குப் போய்த் தொடங்கினார். இம்முறை தலை நிமிர்ந்திருந்தது. குடை நேராக இருந்தது. நான்காவது அடியில் வலது காலைச் சற்றே இழுத்து, அடுத்த அடியை நிதானித்து வைத்தார். அந்த இழுப்பை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது வெளியே தெரிகிறது என்பதே எனக்குத் தெரியாது.

"இது சரியா இருக்கு" என்று கூறினேன். ஒத்திகை முடிந்தது.

22ஆம் நாள் ஞாயிறு. மெல்லிய தூறல். இருவரும் பெட்டிக்குள் நுழைந்தோம். அவர் கேமராவைப் பொருத்தி, கோட்டு அணிந்து, குடையை விரித்துக்கொண்டு வெளியேறினார்.

கேமராவின் சிறு திரையை நான் பார்த்தேன். ஏரி இடப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. அவருடைய எல்லாப் படங்களிலும் ஏரி இப்படித்தான், இன்னும் சிறிது நேரத்தில் வழிந்துவிடும் என்பது போல, சாய்ந்திருக்கும். அதைப் பல ஆண்டுகளாகக் கூறி வந்திருக்கிறேன். முக்காலியின் தலையில் ஒரு நீர்க்குமிழி மட்டம் இருக்கிறது. பயன்படுத்துவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். திருகைத் தளர்த்தி, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, திருகை இறுக்கினேன். ஏரி நேரானது. வலது மேல்மூலையில் கரையும் தெரிந்தது. கரையில் மஞ்சள் கோட்டு நடந்துகொண்டிருந்தது.

அப்போது கோரை விலகியது.

படத்தில் தெரியாத சில உண்டு. அது நடப்பதில்லை, ஒரு காலை நீரிலிருந்து எடுத்து, வைக்கலாமா என்று தீர்மானித்த பிறகே வைக்கிறது. கண் மஞ்சள். அந்தக் கண்கள் கேமராவை நோக்கவில்லை. கரைமேல் போகிற மஞ்சள் கோட்டை நோக்கின. கோட்டு நாலு அடி போனதும் அது ஓர் அடி வந்தது. கோட்டு மேலும் நாலு அடி போயிற்று. அது இன்னோர் அடி வந்தது. என்னை வழியனுப்பி வைத்துவிட்டுத்தான் இத்தனை ஆண்டும் அது காலை உணவுக்கு வந்திருக்கிறது. திறந்த நீரின் விளிம்பை அடைந்ததும் கழுத்தை நீட்டி, உடலைச் சிலிர்த்துத் தூறலை உதறியது.

பொத்தானை ஒருமுறை அமுக்கினேன். பிறகு வயரைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே பார்த்தேன். அது ஒரு மீனைப் பிடித்தது, தவறவிட்டது, இன்னொன்றைப் பிடித்து விழுங்கியது. விழுங்கியது கழுத்தில் இறங்குவதும் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தூறல்.

ஒன்பது மணிக்கு அவர் திரும்பி வந்து, குடையை மடக்காமலே கேட்டார்.

"வந்துச்சா?"

"அருமையா வந்துச்சு."

"எனக்குத் தண்ணிச் சத்தம் கேட்டுச்சு. சரியா என் முதுகுக்குப் பின்னாடி. திரும்பக் கூடாதுன்னு இருந்தேன்."

"திரும்பினீங்களா?"

"இல்ல. ஆனா ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

பம்ப்செட் வாசற்படியில் எறும்பு இருப்பதாகவும் அவர் தெரிவித்தார். அதுவும் எனக்குத் தெரிந்ததே.

வீட்டுக் கணினியில் படத்தைத் திறந்தார். நெடுநேரம் பார்த்தார். மழைத்துளிகள் நீரில் விழுந்த வட்டங்கள், அவற்றின் நடுவே ஒரு காலைத் தூக்கி நிற்கும் குருகு, பின்னால் நேரான ஏரி, மூலையில் மங்கலாக ஒரு மஞ்சள் கோட்டும் குடையும்.

"கேமராவைத் திருப்பிட்டியா?"

"ஏரி சாஞ்சிருந்துச்சு. நேரா வச்சேன்."

"நான் வேணும்னுதான் சாய்ப்பேன். நேரா வச்சா கரை வந்துடும். கரை வந்தா நீ வந்துடுவே."

"நான் வளைவு தாண்டிப் போய்க் கால் மணி நேரம் கழிச்சுத்தானே அது வரும்? நீங்கதானே சொன்னீங்க."

அவர் கணினியின் சுட்டியைத் தேவையின்றி நகர்த்தினார்.

"நீ போய்க்கிட்டிருக்கும்போதே வந்துடும். எப்பவும். அதைச் சொன்னா நீ திரும்பிப் பாப்பேன்னு சொல்லல."

"பாத்திருப்பேன்."

"தெரியும்."

கீழிருந்து தையல் இயந்திரம் சிறிது நேரம் ஓடி நின்றது. பிறகு அவர், மூலையை வெட்டிவிட்டால் கோட்டு தெரியாது, கேமரா தன்னுடையது, வயரும் தன்னுடையது, பார்வையை நிறுத்தியதும் தான், ஆகவே தன் பெயரில் அனுப்புவதில் தவறில்லை என்று விளக்கினார். பொத்தானை அமுக்கியது யார் என்று மட்டும் நான் கேட்டேன். அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது இருவரும் குழம்பைப் பற்றி மட்டும் பேசினோம்.

29ஆம் நாள் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். மன்றம் கூடுவது அதன் செயலாளரான பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். உறுப்பினர்கள் நோயாளிகளின் நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். பல் மருத்துவர் நான்கு படங்களையும் சுவரில் ஒளி வீசிக் காட்டச் செய்தார். மழைக்காலப் படம் வெட்டப்படாமல் முழுதாக வந்தது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"பிரமாதம்" என்றார் பல் மருத்துவர். "இந்த நாலாவதுதான் எல்லாத்துக்கும் மேல. லென்ஸ் வாயை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கலாம். மூலையில யாரோ ஒரு அம்மா போறாங்க. அதை வெட்டிடலாம். வலிக்காது."

"அது அம்மா இல்லை. நான்" என்றார் என் கணவர்.

அறையில் யாரோ இருமினார்கள்.

"நீங்க அங்க போனா, படத்தை யார் எடுத்தது?"

"இவங்க." எழுந்து நின்று என்னைக் காட்டினார். "மத்த மூணும் நான் எடுத்தேன். அப்ப இவங்க நடந்தாங்க. அதுலயும் இவங்க இருக்க வேண்டியது. நான் கேமராவைச் சாய்ச்சு வெளிய தள்ளிட்டேன். ஏரி சாஞ்சிருக்கு, பாருங்க."

எல்லாரும் தலையைச் சாய்த்துப் பார்த்தனர். சாய்ந்துதான் இருந்தது.

"ஒரே கைன்னு விதி இருக்கே" என்று பல் மருத்துவர் வருத்தத்துடன் கூறினார். "இதைச் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்குத்தான் இந்த வருஷம்."

"ஆமா" என்றார் என் கணவர். அமர்ந்துகொண்டார்.

இறுதியில் முடிவானவை பின்வருமாறு. ஒரே கை என்ற விதி மீறப்பட்டதால் என் கணவரின் தொகுப்பு தேர்வுக்கு ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு நாட்காட்டிக்கு வேறோர் உறுப்பினரின் நான்கு நீர்க்காக்கைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மழைக்காலப் படம், மூலையோடு சேர்த்து, மன்றத்தின் சுவரில் மாட்டப்பட்டது. அதாவது பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில். படத்தின் கீழ் எடுத்தவர் என்று என் பெயரும், நடந்து செல்பவர் என்று அவர் பெயரும் எழுதப்பட்டன. என் முழங்கால் குறித்த நாளில் அறுவை செய்யப்படும். நான் படுத்திருக்கும் மாதங்களில் அவர் மேற்குச் சரிவில் படி வெட்டி, இரும்புக் கைப்பிடி நடுவார். பழைய லிஃப்ட் ஒன்றின் கைப்பிடிகள் அவரிடம் உள்ளன. மருத்துவர் அனுமதித்த பின், நான்கு பருவமும் தொடக்கத்திலிருந்து மீண்டும் எடுக்கப்படும்: இரண்டில் நான் அமர்வேன், இரண்டில் அவர். கேமரா நேராக வைக்கப்படும். கோட்டு அகலப்படுத்தியபடியே இருக்கட்டும் என்று நாத்தனார் கூறியது ஏற்கப்பட்டது; அதற்கான தையற்கூலியை அவர் கொடுத்தார்.